கூகுளாண்டவரை ஏமாத்த முடியாது பாஸ்!

கடலூர் செம்மண்டலம். தோளில் பை, கையில் செல்போனோடு ஒரு வெளியூர் தம்பி பஸ்ஸை விட்டு இறங்குகிறார். நேரா டீக்கடைக்குப் போய், "அண்ணே, சில்வர் பீச்சுக்கு எப்படிப் போறது?" என்கிறார். மாஸ்டர் டீ ஆத்துற கையை நிறுத்தவே இல்லை. "மஞ்சக்குப்பம் போங்க. அங்கேருந்து பீச் ரோட்டைப் புடிச்சா தேவனாம்பட்டினம். அங்கதான் பீச்சு. இப்ப போனா வெயிலு மண்டையப் பொளக்கும், சாயங்காலமா போங்க தம்பி."

அவ்ளோதான். கேட்டதுக்குப் பதில், கேட்காம விட்டதுக்கும் ஒரு பதில். இதே கேள்வியை நெட்ல தட்டிப் பாருங்க. 'வங்கக் கடலின் எழில்மிகு கரையில் அமைந்துள்ள கடலூர், பண்டைய காலம் தொட்டே வரலாற்றுச் சிறப்பு மிக்க நகரமாக விளங்கி வருகிறது' என்று ஆரம்பிக்கும். மூணு பாரா தாண்டினாலும் பீச் வராது. நாலாவது பாராவுல பீச் வரும், பஸ் வராது!

டீ மாஸ்டருக்குத் தெரிஞ்ச இந்த வித்தைதான் வெப்சைட்டுக்கு எழுதுறவங்களுக்கு வேணும். இதை ஏன் கேம்பஸ் பக்கத்துல பேசுறோம்னா, காலேஜ் படிச்சுக்கிட்டே பாக்கெட் மணிக்காக 'கன்டென்ட் ரைட்டிங்' பண்றவங்க இப்போ எக்கச்சக்கம். வார்த்தைக்கு இத்தனை பைசான்னு கணக்கு. கூடவே ஒரு லிஸ்ட் வரும். 'இந்த கீவேர்டு பத்து தடவை வரணும், அந்த கீவேர்டு எட்டு தடவை வரணும்.' படிக்கிற மனுஷனுக்கு எழுதுறதா, தேடிக் கொடுக்கிற கூகுளுக்கு எழுதுறதான்னு தலை சுத்தும்.

என் சொந்த சோகக் கதை ஒண்ணு. படிக்கிற காலத்துல ஒரு கம்பெனிக்காக லாட்ஜ் பத்தி எழுதினேன். 'கடலூர் சிறந்த லாட்ஜ்' என்பது 25 தடவை வரணும்னு ஆர்டர். இங்கிலீஷ்ல இது எப்படியோ ஒப்பேறிடும். தமிழ்ல ஒப்பேறாது. நம்ம மொழியில ஊர்ப் பேரு சும்மா நிக்காது. கடலூரில், கடலூருக்கு, கடலூர்லேருந்து, கடலூர்க்காரங்கன்னு வால் முளைச்சுக்கிட்டே இருக்கும். வாலை வெட்டிட்டு வெறும் 'கடலூர் சிறந்த லாட்ஜ்' என்பதையே 25 இடத்துல சொருகினா என்ன ஆகும்? 'நீங்கள் கடலூர் சிறந்த லாட்ஜ் தேடுகிறீர்களா? எங்கள் கடலூர் சிறந்த லாட்ஜ் தங்கினால் கடலூர் சிறந்த லாட்ஜ் என்ன என்று புரியும்.' படிச்சுட்டு என் ரூம்மேட், "மச்சி, இதை எழுதினவனுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டான். நான்தான் எழுதினேன்னு சொல்லலை.

இந்தச் சொருகல் வேலை ஒரு காலத்துல செல்லுபடியாச்சு என்பது நிஜம். வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தா கீவேர்டை அடிச்சு ஒளிச்சு வைக்கிற கில்லாடிகள்கூட இருந்தாங்க. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்கு மட்டும் தெரியும். பக்கத்தோட பின்னாடி, கோடிங்ல, கீவேர்டு லிஸ்ட் போட ஒரு தனி இடமே உண்டு. அதை ரேங்க் போடுறதுக்குக் கணக்குலயே எடுத்துக்கறது இல்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்ல வெளிப்படையாவே சொல்லிடுச்சு. 2011 பிப்ரவரியில 'பாண்டா'ன்னு செல்லப் பேரு வெச்ச ஒரு மாற்றம் வந்தது. சரக்கே இல்லாம வார்த்தையை மட்டும் அடுக்கின பக்கங்கள் மடமடன்னு கீழே உருண்டுச்சு. 2019 அக்டோபர்ல 'பெர்ட்' வந்தது. வார்த்தையைத் தனித்தனியா எண்ணாம, வாக்கியத்துல முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு சேர்த்துப் பார்த்துப் புரிஞ்சுக்கிற சமாச்சாரம். அதே வருஷம் டிசம்பர்ல 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது வந்தப்போ, தமிழும் அந்த லிஸ்ட்ல இருந்தது. அதனால 'கடலூரில்' என்றே எழுதுங்க. வாலை வெட்ட வேண்டாம்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். தமிழ் வெப்சைட்டுகளுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒண்ணு இருந்துச்சு. நீங்க எவ்ளோ அழகா எழுதினாலும் கூகுளால படிக்கவே முடியாத காலம் அது!

2000-ன் ஆரம்பத்துல தமிழ்த் தளங்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஃபான்ட் வெச்சிருந்தாங்க. 'எங்க பக்கம் தெரியணுமா, எங்க எழுத்துருவை டவுன்லோடு பண்ணுங்க' என்று முதல் பக்கத்துலயே போர்டு தொங்கும். உதாரணத்துக்கு பாமினி ஃபான்ட். அதுல 'அம்மா'ன்னு திரையில தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள பதிஞ்சிருக்கிறது என்ன தெரியுமா? எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். ஃபான்ட் மேக்கப் போட்டு அதை 'அம்மா'வா காட்டும். மேக்கப்பைப் பார்க்காத தேடுபொறிக்கு அது வெறும் இங்கிலீஷ் குப்பை. ஊரே 'அம்மா'ன்னு தேடினாலும் அந்தப் பக்கம் வராது.

சீர்படுத்த 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப்னு இரண்டு குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டது. வெளிநாட்டுத் தமிழர்கள் நடுவுல டிஸ்கின்னு இன்னொண்ணு ஓடுச்சு. 1998 பொங்கலுக்குத் தொடங்கின மதுரைத் திட்டம்கூட பழந்தமிழ் நூல்களை முதல்ல இப்படிப்பட்ட குறியீடுகள்லதான் ஏத்துச்சு. அப்புறம் யூனிகோடுக்கு மாத்தினாங்க. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல யூனிகோடிலேயே பொறந்தது. 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு நேரத்துலதான் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமா அறிவிச்சது. அந்த மாற்றம்தான் தமிழ் எழுத்தைத் தேடக் கூடியதா ஆக்குச்சு. அதுக்கு முன்னாடி பழைய ஃபான்ட்ல எழுதினதுல எவ்வளவோ, இன்னிக்கும் தேடினா கிடைக்காமலே கிடக்கு.

இப்போ எழுத்துப் பிரச்னை இல்லை. மிச்சம் இருக்கிறது வார்த்தைப் பிரச்னை. நம்ம ஏரியாவையே எடுத்துக்குவோம், கடலூர் மாவட்டம் மாதிரி இதுக்கு ஒரு லேப் கிடைக்காது!

ஸ்டேஷன் பேரைப் பாருங்க. எழுதுறது திருப்பாதிரிப்புலியூர். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்றது திருப்பாப்புலியூர். இது போதாதுன்னு முதுநகர்ல 'கடலூர் துறைமுகம் சந்திப்பு'ன்னு இன்னொரு ஸ்டேஷன். முதல் தடவை வர்ற வெளியூர் ஸ்டூடன்ட், பேருல 'கடலூர்' இருக்கேன்னு துறைமுகத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு முழிக்கிறது சகஜம். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டுமானால் திருப்பாதிரிப்புலியூர் (உள்ளூரில் திருப்பாப்புலியூர் என்பார்கள்) ஸ்டேஷனில் இறங்குங்கள்; கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரில் இருக்கிறது.' இந்த ஒரு வாக்கியத்துல மூணு கீவேர்டு தானா வந்து உட்கார்ந்துடுச்சு பார்த்தீங்களா? யாரும் சொருகலை. படிக்கிறவனுக்கு உதவுற தகவல், அதனால வந்துச்சு.

'கடலூர்' என்பதே வில்லங்கம். நீலகிரியில ஒரு கூடலூர், தேனி மாவட்டத்துல ஒரு கூடலூர். இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங்கை ஆளாளுக்கு ஒரு மாதிரி அடிப்பாங்க. மலைப் பிரதேச கூடலூர்ல ரூம் தேடுறவருக்கு நம்ம பீச் லாட்ஜ் கிடைச்சா யாருக்கு லாபம்? சிதம்பரம் கதை இன்னும் ஜோர். கோயில், ஊர், வ.உ.சி., முன்னாள் நிதியமைச்சர்னு ஒரே பேருக்குள்ள இத்தனை பேர். தலைப்புல வெறும் 'சிதம்பரம் சிறப்புகள்'னு வெச்சா, தேடுபொறி பாவம் என்ன செய்யும்? 'சிதம்பரம் நடராஜர் கோயில்', 'சிதம்பரம் டவுன் பஸ்' என்று பக்கத்துல ஒரு துணைச் சொல் சேர்த்துடணும். பரங்கிப்பேட்டைக்கு பிரியாணி சாப்பிட வர்றவர் 'பரங்கிப்பேட்டை' என்று தேடுவார். ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் 1781-ல நடந்த சண்டையைப் படிக்கிற ஹிஸ்டரி ஸ்டூடன்ட் 'போர்ட்டோ நோவோ' என்று தேடுவார். ஊர் ஒண்ணுதான். ரெண்டு பேரையும் ஒரு இடத்துல சேர்த்து எழுதிட்டா ரெண்டு பேரும் வந்து சேருவாங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். சிதம்பரம் சம்பா சாதத்துக்கு ஜோடி கத்திரிக்காய் கொத்சு. அதை கொத்சு, கொத்ஸு, கொஸ்து, கோஸ்துன்னு நாலு விதமா எழுதுறாங்க. 'எது சரி?'ன்னு பட்டிமன்றம் வேண்டாம். உங்களுக்குச் சரின்னு படுறதைத் தலைப்புல வைங்க, 'கொஸ்து என்றும் சொல்வார்கள்'னு உள்ளே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை! நாலையும் கமா போட்டு வரிசையா அடுக்கினீங்கன்னா, அது சமையல் குறிப்பு இல்லை, ஓட்டர் லிஸ்ட். அப்புறம், கொத்சு செய்யத் தேடி வந்தவங்களை உங்க பாட்டியோட பால்ய காலம் வரைக்கும் இழுத்துட்டுப் போகாதீங்க. அடுப்புல எண்ணெய் காயுது.

இப்போ நிஜமா ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போமா? பிச்சாவரம். எல்லாரும் எழுதுற மேட்டர், எல்லாரும் ஒரே மாதிரி சொதப்புற மேட்டர்.

எழுதுறதுக்கு முன்னாடி, தேடுறவர் யாருன்னு யோசிங்க. வீக் எண்ட்ல வர்ற ஃபேமிலி, 'பிச்சாவரம் போட்டிங்' என்று தேடும். அவங்களுக்கு வேண்டியது எப்படிப் போறது, போட் எப்போ, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா. பாட்டனி ஸ்டூடன்ட் 'அலையாத்திக் காடு' என்று தேடுவார். நம்ம பக்கத்து ஆளுங்க 'சுரபுன்னைக் காடு' என்பாங்க. பாடப் புத்தகத்துல 'சதுப்புநிலக் காடு', நியூஸ்ல 'மாங்குரோவ்'. எல்லாம் ஒரே காடு! ஆனா இதெல்லாம் நூலிழை மாறாத ஒரே அர்த்தம் இல்லை. அங்கே வளர்ற ரைசோஃபோரா வகைக்குத்தான் சுரபுன்னைன்னு பேரு. அவிசீனியாவுக்கு வெண்கண்டல். இதைச் சரியா ஒரு வரியில சொன்னீங்கன்னா, சுத்திப் பார்க்க வந்தவருக்கும் ஒரு புதுத் தகவல், பாட்டனி ஸ்டூடன்ட்டுக்கும் உங்க மேல நம்பிக்கை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் பக்கத்துல பரங்கிப்பேட்டையிலதான் இருக்கு. சந்தேகம்னா கேட்டுட்டு எழுதலாம். இதை நெட்ல இருக்கிற அடுத்த ஆள் செய்ய மாட்டார், எழுதி வெச்சுக்குங்க.

முதல் பாரா இப்படி இருக்கலாம்: 'சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், கிள்ளை அருகே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்கு மேல் கூரை போட்ட வாய்க்கால்களுக்குள் படகில் போகலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள இந்தக் காடு 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.' எங்கே, என்ன, என்ன செய்யலாம், ஏன் முக்கியம். நாலும் வந்தாச்சு. எம்.ஜி.ஆரோட 'இதயக்கனி' (1975) ஷூட்டிங் இங்கே நடந்த கதையை அடுத்த பாராவுக்குத் தள்ளுங்க. அது நல்ல கதைதான், ஆனா போட் கட்டணம் தேடி வந்தவர் அதுக்காக வரலை. கட்டணத்தை எழுதினீங்கன்னா எந்த மாசம், எந்த வருஷம் விசாரிச்சதுன்னும் சேர்த்து எழுதுங்க.

தலைப்பு விஷயத்துல தமிழுக்கு ஒரு ஸ்பெஷல் சிக்கல். தேடல் முடிவுல தலைப்பை அகலம் பார்த்துத்தான் வெட்டுறாங்க. நம்ம எழுத்துங்க கொஞ்சம் அகலம், 'ணை'யும் 'ஞா'வும் சேர்ந்தா சொல்லவே வேண்டாம். அதனால முக்கியமான சொல்லை முன்னாடி வைங்க. 'இயற்கை எழில் கொஞ்சும் அழகிய...'ன்னு ஆரம்பிச்சா, பிச்சாவரம் வர்றதுக்குள்ள மூணு புள்ளி வந்துடும். அதே மாதிரி பக்கத்தோட முகவரியைத் தமிழ்ல வெச்சா, காப்பி பண்ணி ஃப்ரெண்டுக்கு அனுப்பும்போது பல இடங்கள்ல அது சதவீதக் குறியும் நம்பருமா நாலு வரிக்கு நீளும். வைரஸ்னு பயந்து யாரும் கிளிக் பண்ண மாட்டாங்க. முகவரி மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும்.

அடுத்தது படம். ஃபங்ஷன் அழைப்பிதழ், எக்ஸாம் ஃபீஸ் தேதி, ஹாஸ்டல் அறிவிப்பு எல்லாத்தையும் போட்டோவாவோ ஸ்கேன் பண்ணின பி.டி.எஃப்-ஆவோ ஏத்திட்டு, 'போட்டாச்சே!' என்பாங்க. படத்துக்குள்ள இருக்கிற தமிழ் எழுத்தை மெஷின் எல்லா நேரமும் சரியாப் படிக்கும்னு சொல்ல முடியாது. ஃபீஸ் கட்ட கடைசித் தேதி தேடுற ஸ்டூடன்ட்டுக்கு அது கிடைக்காமலே போகலாம். அதைவிட முக்கியமான ஒருத்தர் உண்டு. பார்வையற்ற மாணவர். என்.வி.டி.ஏ. மாதிரி இலவச ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர் தமிழை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுது. எழுத்து யூனிகோடா இருந்தா படிக்கும். படமா இருந்தா 'படம்'னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். படத்துக்குப் பின்னாடி மாற்று விவரம்னு ஒரு வரி எழுத இடம் இருக்கு. அதுல 'ஐ.எம்.ஜி. 0042' என்று விடாம, 'பிச்சாவரம் வாய்க்காலில் துடுப்புப் படகு, இரு பக்கமும் சுரபுன்னை வேர்கள்' என்று எழுதினா, அந்த மாணவர் காதுல காடு தெரியும். கூகுளுக்கும் அதே வரிதான் உதவுது. ரெண்டு வேலைக்கு ஒரே வரி!

வாய்விட்டுப் பேசுறதுன்னதும் ஞாபகம் வருது. 2017 ஆகஸ்ட்ல கூகுள் தமிழ்ல பேசித் தேடுற வசதியைக் கொண்டுவந்தது. டைப் பண்ணும்போது 'ஆனித் திருமஞ்சனம் தேதி' என்று அடிக்கிற அதே அம்மா, பேசும்போது "சிதம்பரம் தேரு என்னிக்கு?" என்பாங்க. வருஷத்துல ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம்னு ரெண்டு தடவை நடராஜரே தேரேறி வெளியே வர்ற ஊர் அது. அதனால 'தேரு என்னிக்கு'ன்னா ஆனியா, மார்கழியா? உங்க பக்கத்துல 'சிதம்பரம் தேர் எப்போது?' என்று ஒரு துணைத் தலைப்பு, கீழேயே ரெண்டு விழாவுக்கும் அந்த வருஷத் தேதி. பேச்சு வழக்குல முழுப் பக்கமும் எழுதணும்னு இல்லை. கேள்வி அவங்க வாயில வர்ற மாதிரி, பதில் உங்க எழுத்துல தெளிவா. 

தேதின்னு சொன்னேன்ல, அதுல கொஞ்சம் நிக்கணும். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை வந்தா கடலூர்க்காரங்க எல்லாரும் தேடுறது ஒண்ணுதான். 'நாளைக்கு லீவா?' நானும் தேடியிருக்கேன், நீங்களும் தேடியிருக்கீங்க. 'கடலூர் மாவட்டப் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறையா? வெளியான முக்கிய அறிவிப்பு!' என்று தலைப்பு பளபளக்கும். உள்ளே போனா போன வருஷத்துச் சேதி. இல்லேன்னா, 'இதுவரை அறிவிப்பு வரவில்லை' என்பதுதான் அந்த முக்கிய அறிவிப்பு! லீவு விஷயத்துல இது வெறும் கடுப்பு. புயல் நேரத்துல கடுப்போட நிக்காது. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் இந்தக் கரையைத்தான் பொளந்துட்டுப் போச்சு. 2015 வெள்ளத்தையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கு. எந்த ரோடு மூடியிருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துல தங்கலாம்னு தேடுற ஒருத்தர் கையில, தேதியே போடாத பழைய பக்கம் கிடைச்சா, அதை நம்பி குழந்தையோட கிளம்பிடுவார். அதனால எச்சரிக்கை, நிவாரணம், பஸ் நேரம் எதை எழுதினாலும் முதல் வரியிலயே தேதி, நேரம். பழசாயிட்டா, மேலேயே 'இது 2015 நிலவரம்' என்று ஒரு வரி சேர்த்துடுங்க. பழைய பக்கத்தோட தேதியை மட்டும் மாத்திப் புதுசு மாதிரி காட்டுற ஆசாமிகளும் இருக்காங்க. அதைச் செய்யச் சொல்லி உங்களுக்கு ஆர்டர் வந்தா, காசைப் பார்க்காம மறுத்துடுங்க.

"அட, இதெல்லாம் எதுக்கு? ஏ.ஐ-கிட்ட சொன்னா அரை நிமிஷத்துல எழுதித் தந்துடுமே"ன்னு பின் பெஞ்ச்ல ஒரு குரல் கேட்குது. தரும். மெஷின் எழுதினதுங்கிற ஒரே காரணத்துக்காகத் தள்ள மாட்டோம்னு கூகுளும் 2023-ல சொல்லியிருக்கு. ஆனா ரேங்க்குக்காகவே ஆயிரக்கணக்குல பக்கங்களைப் பொரிச்சுத் தள்றதை, மனுஷன் செஞ்சாலும் மெஷின் செஞ்சாலும், 2024 மார்ச்ல குப்பைப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. ஏற்கெனவே நெட்ல இருக்கிறதை மறுபடி அழகா சொல்றது அதுக்குக் கைவந்த கலை. நெட்லயே இல்லாத விஷயத்துக்கு அது எங்கே போகும்? தேவனாம்பட்டினத்துல கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மதியம் போனா கோயில் நடை திறந்திருக்குமா, கிள்ளை பஸ்ல எந்த ஸ்டாப்ல இறங்கினா நடை கம்மி... இதெல்லாம் தெரிஞ்சவர் செம்மண்டலத்துல டீ ஆத்திக்கிட்டு இருக்கார். 

சனிக்கிழமை காலேஜ் லீவுதானே? ஒரு டீ சொல்லிட்டு அவர் பக்கத்துல ஒரு மணி நேரம் நில்லுங்க. வந்து வழி கேட்கிறவங்க என்னென்ன கேட்கிறாங்க, எந்த வார்த்தையில கேட்கிறாங்கன்னு அப்படியே நோட்டுல குறிச்சுக்குங்க. டீக்காசு உங்களுது!